யார் பெற்ற பிள்ளை?



1933 மார்ச் 4. வாஷிங்டன் நகரிலே கடுங்குளிர். வானிலே கருமேகம், மக்கள் மனத்திலே அதைவிடக் கருமை! உழைப்போரில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. பாங்கிகளின் வாயிலிலே நீண்ட வரிசை. போட்ட பணம் திரும்புமா? வீடுதோறும் இதே கேள்வி!

அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார் பிராங்ளின் ரூஸ்வெல்ட். இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்தவர். மகனின் கைபற்றி மேடைக்கு வந்தவர், சொன்னார்: "நாம் அஞ்சவேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது அச்சம்!"

உலகெங்கும் பரவிய அந்தச் சொல், யார் பெற்ற பிள்ளை?

ரூஸ்வெல்ட் கைப்பட எழுதிய நகலிலே அது இல்லை! உரையைத் தீட்ட உதவியவர் ரேமண்ட் மோலி. பிறகு தட்டச்சான படியிலே அதைச் சேர்த்தவர், ரூஸ்வெல்ட்டின் செயலாளரும் பழைய பத்திரிகையாளருமான லூயி ஹவ். அவருக்கு அது எங்கே கிடைத்தது? கடை விளம்பரம் ஒன்றிலே என்பார் மோலி. தோரோவின் நூல் ரூஸ்வெல்ட்டின் அறையிலே இருந்தது என்பார் வேறு சிலர். அந்தத் தோரோ, 1851-லேயே தம் நாட்குறிப்பில் இக்கருத்தை எழுதியவர். அவருக்கும் முன்னே, 1580-ல் பிரெஞ்சு அறிஞர் மொந்தேன் எழுதினார். 1931-ல் அமெரிக்க வணிகர் பேரவைத் தலைவர் ஜூலியஸ் பார்ன்ஸ் பேசினார்.

இத்தனை பேர் சொல்லியும் நிலைக்காத சொல், ரூஸ்வெல்ட் வாயிலே வந்தபோது மட்டும் நிலைத்தது ஏன்?

பாங்கியிலே போட்ட பணம் பெட்டிக்குள் தூங்குவதில்லை. கடனாக வெளியே உலவுகிறது. ஒருவர் கேட்டால் தரலாம். ஊரே திரண்டு ஒரே நாளில் கேட்டால்? நல்ல பாங்கியும் நொடித்துப் போகும்! நொடித்துவிடுமோ என்ற அச்சமே நொடிக்க வைத்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அமெரிக்காவிலே அந்தப் பேய் உண்மையாகவே அடித்தது! ரூஸ்வெல்ட் பேசியது வேதாந்தமல்ல. நோய் கண்ட மருத்துவனின் பேச்சு.

பேசியதோடு நின்றாரா? மார்ச் 6, எல்லாப் பாங்கிகளையும் மூட ஆணை. 9, புதிய பாங்கிச் சட்டம். 12, வானொலியிலே எளிய சொற்களில் மக்களுக்கு விளக்கம். 13, உறுதியான பாங்கிகள் திறந்தன. பணத்தை எடுத்து ஒளித்தவர்களே திரும்பக் கொண்டுவந்து போட்டனர்! சொல்லுக்குப் பின்னே செயல் நின்றது. அதனால் சொல் நின்றது.

ஆனால், தோழர்களே, கதை அங்கே முடியவில்லை.

1941 டிசம்பரிலே ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19. அதே ரூஸ்வெல்ட், அதே கையால் ஓர் ஆணையிலே ஒப்பமிட்டார். ஜப்பானிய வழிவந்தோர் சுமார் 1,20,000 பேர் வீடிழந்து, கடையிழந்து, முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்! குற்றச்சாட்டு உண்டா? இல்லை. விசாரணை உண்டா? இல்லை. முகம் ஒன்றே குற்றம்!

அச்சத்துக்கு அஞ்சுக என்றவரே அச்சத்துக்கு அடிபணிந்தார். இனவெறுப்பும் போர்க்கால வெறியும் அரசியல் தலைமையின் தவறுமே காரணம் என்று 1988-ல் அமெரிக்கச் சட்டமே ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தந்தது. இழந்த ஆண்டுகளை எந்தக் கருவூலம் தரும்?

ஆகவே, யார் பெற்ற பிள்ளை என்று இனியும் ஏன் தேடவேண்டும்? சொல், பெற்றவனுக்கு உரியதல்ல, காப்பாற்றுகிறவனுக்கே உரியது. 1933-ல் ரூஸ்வெல்ட் அதைக் காப்பாற்றினார். 1942-ல் கைவிட்டார். பக்கத்து வீட்டுக்காரனைப் பகைவன் என்று காட்டி எவரேனும் நம்மை மிரட்டும் நாளிலே, அதைக் காப்பாற்றும் பொறுப்பு நம்முடையது!