நாகையில் மறைந்த விஹாரம்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்த நேயர்களுக்கு நாகப்பட்டினத்துச் சூடாமணி விஹாரம் புதிதல்ல. காய்ச்சலில் கிடந்த இளவரசர் அருள்மொழிவர்மருக்கு அங்கே பிக்ஷுக்கள் அடைக்கலம் தருகிறார்கள். கதைக்கு அது அழகுதான். ஆனால் சரித்திரப்படி, அதே இளவரசர் ராஜராஜ சோழராக முடிசூடிச் சுமார் இருபது ஆண்டுகள் கழிந்த பிறகே அந்த விஹாரம் எழும்பியது.

அதைக் கட்டத் தொடங்கியவர் கடல் கடந்த ஸ்ரீவிஜயத்தின் மன்னர் சூளாமணிவர்மர். முடித்தவர் அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர்; தந்தையின் பெயரையே அதற்குச் சூட்டினார். பரம சைவரான ராஜராஜர், தமது 21-ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1006 வாக்கில்) ஆனைமங்கலம் கிராமத்தையே பள்ளிச்சந்தமாக அளித்தார். பெண் யானை ஒன்றை எல்லை நெடுக நடத்திச் சென்று ஊரை அளந்து கொடுத்தார்களாம். கிடைத்த வருமானம் ஆண்டுக்கு 8,900 கலம் நெல்லுக்கு மேல்!

இந்தத் தானத்தைச் செப்பேட்டில் பொறித்து நிலைநிறுத்தியவர் மகன் ராஜேந்திரர். 1025-இல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றவரும் அவரே. ஆயினும் நாகை விஹாரத்துக்குக் குறைவு வரவில்லை. 1090-இல் கடாரத்துத் தூதர்கள் வேண்டிக்கொள்ள, குலோத்துங்க சோழர் வரிச்சலுகை அளித்தார். ராஜேந்திரர் காலத்து 21 ஏடுகளும் குலோத்துங்கரின் மூன்று ஏடுகளும் பிற்காலத்தில் ஹாலந்து சென்று, அங்குள்ள லெய்டன் நகரின் பெயரையே பெற்றுவிட்டன.

1476-இல் கப்பல் உடைந்து கரையேறிய பர்மா பிக்ஷுக்கள், நாகையில் ஒரு விஹாரத்தின் இடத்தைத் தரிசித்ததாகக் கல்யாணி கல்வெட்டு கூறுகிறது.

எஞ்சியிருந்தது ஒரு செங்கல் கோபுரம். ஊரார் அதைப் ‘புதுவெளிக் கோபுரம்’ என்றார்கள். வெள்ளைக்கார மாலுமிகளுக்கு அது ‘சீனக் கோபுரம்’, கரையைக் காட்டும் அடையாளம். 1267-இல் சீனர்கள் எழுப்பியது என்பாரும் உண்டு. 1846-இல் வால்டர் எலியட் துரை பார்த்தபோது மூன்று நிலைகள் நின்றன. உள்ளே தளமில்லை, மேலே கூரையில்லை. சுண்ணாம்பு இல்லாமலே செங்கற்கள் இறுகப் பொருந்தியிருந்தன.

அருகில் கல்லூரி நடத்திய ஏசு சபைப் பாதிரிமார், கோபுரத்தை இடித்து அதன் செங்கல்லைக் கட்டடத்துக்கு எடுத்துக்கொள்ள அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார்கள். 1867-இல் அனுமதி கிடைத்தது, கோபுரம் போயிற்று. நூற்றாண்டுகளாகப் புயலுக்கு அசையாதது ஒரு கையெழுத்துக்குச் சாய்ந்தது!

மண் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1856-இல் அங்கே ஓர் இலுப்பை மரத்தை அகற்றியபோது அடியில் புத்தர் சிலைகள் கிடைத்தன. பின்னர் சுற்றுப்புறத்தில் தோண்டத் தோண்ட, சுமார் 350 வெண்கலச் சிலைகள் வெளிவந்தன. பலவற்றைச் சென்னை எழும்பூர் மியூசியம் பெற்றுக்கொண்டது.

அந்தக் கல்லூரியோ, கோபுரம் போன பதினாறாம் ஆண்டில், 1883-இல், நாகையை விட்டுத் திருச்சிக்குப் போய்விட்டது.