விளக்கேந்திய பெருமாட்டியும் இறந்தோர் கணக்கும்

புளோரன்ஸ் நைற்றிங்கேல் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவில் எழுவது ஒரு விளக்கு. நள்ளிரவில், காயமுற்ற போர்வீரரின் கட்டில்களுக்கிடையே கையில் விளக்குடன் நடந்து செல்லும் பெண்ணின் உருவம் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றுத் தாதியர் தொழிலுக்கே சின்னமாகிவிட்டது. அவர் பிறந்த மே 12 ஆந் திகதி உலகெங்கும் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்த உருவம் பொய்யன்று. ஆயின் அந்த விளக்கின் ஒளி கட்டில்களின் மீது விழுந்ததேயன்றி, கட்டடத்தின் அடியிலே கிடந்தவற்றின் மீது விழவில்லை.

கிரிமிய யுத்தம் நடந்த காலம் அது. 1854 நவம்பரில் அம்மையார் 38 தாதியருடன், கொன்ஸ்தாந்திநோப்பிள் நகருக்கு எதிர்க்கரையிலிருந்த ஸ்குட்டாரி வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார். துருக்கியரின் படைவீடொன்றே அங்கு பிரித்தானியரின் வைத்தியசாலையாகியிருந்தது. போதிய கட்டில் இல்லை, மாற்றுத்துணி இல்லை, சவர்க்காரமும் அரிது. வந்தவர்கள் நிலத்தைத் தேய்த்துக் கழுவினர், துணி வெளுப்பித்தனர், நோயாளருக்கேற்ற உணவு சமைத்தனர், சாகுந்தறுவாயில் இருந்தோர் சொல்லச் சொல்ல வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தனர். இரவு பகல் பாராத உழைப்பு அது. அப்படியிருந்தும் மாரிகாலம் முற்ற முற்ற மரணங்கள் பெருகினவேயன்றிக் குறையவில்லை. 1855 பெப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் இறந்தனர்.

1855 மார்ச்சில் இலண்டனிலிருந்து ஒரு சுகாதார ஆணைக்குழு வந்தது. வைத்தியர் ஜோன் சதர்லாண்டும் பொறியியலாளர் றோபேட் றோலின்சனும் அதில் இருந்தனர். கட்டடத்தின் கீழே கழிவுக் கால்வாய்கள் அடைபட்டு நாறிக் கிடந்தன. வைத்தியசாலைக்கு வரும் தண்ணீரின் வழியிலே செத்த குதிரையொன்று அழுகிக் கிடந்தது. ஆணைக்குழுவினர் கால்வாய்களைக் கழுவித் துப்புரவாக்கினர். காற்றோட்டத்துக்கு வழி திறந்தனர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசுவித்தனர். யூன் மாதத்தில் மரணம் நூற்றுக்கு இரண்டளவாக இறங்கியது. குளிர் தணிந்ததும் உணவும் உடையும் வந்து சேர்ந்ததும் இதற்குத் துணைநின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை.

வீரர்கள் பட்டினியாலும் குளிராலும் நலிந்து, காலந்தாழ்த்திக் கொண்டுவரப்பட்டமையே இத்தனை மரணங்களுக்கும் காரணம் என்றே அம்மையார் முதலில் எண்ணியிருந்தார். 1856 இல் இங்கிலாந்து திரும்பியபின், புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பார் என்பவருடன் அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தபோது வேறொரு செய்தி வெளிப்பட்டது. போர்முனை முகாம்களிலே வைத்துப் பார்க்கப்பட்டோரைக் காட்டிலும், கப்பலேற்றி ஸ்குட்டாரிக்கு அனுப்பப்பட்டோரே மிகுதியாக மாண்டிருந்தனர். காப்பாற்றவென்று கொண்டுவந்த இடமே கொன்றிருக்கிறது! இதனால் அவர் எவ்வளவு குற்றவுணர்வு கொண்டார் என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர் செய்தது என்ன என்பதில் ஐயமில்லை. 1857 இல் அமைந்த அரச ஆணைக்குழுவுக்கு ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்தார். 1858 இல், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட தம் அறிக்கையைத் தாமே அச்சிட்டு, அதிகாரத்திலிருந்தோர் கைகளிற் சேர்ப்பித்தார். வட்டத்தை மாதத்துக்கொரு துண்டாக வகுத்து, காயத்தால் இறந்தோரைச் சிவப்பாலும், தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோரை நீலத்தாலும் காட்டும் படங்கள் அக்காலத்தில் அவர் வரைவித்தவை. சிவப்பு ஒரு சிறு கீற்று, மற்றதிற் பெரும்பகுதி நீலம். அந்த யுத்தத்தில் நோயால் மட்டும் ஏறத்தாழ 16,000 பிரித்தானிய வீரர் இறந்தனர்.

நாடே தெய்வமாகப் போற்றும் வேளையில், தாம் பணிபுரிந்த இடத்தின் சாவுக்கணக்கை முன்வைப்பது எளிதான செயலன்று. எந்த வைத்தியசாலையும் தன் நற்பெயரைக் காக்கவே விரும்பும். அதனுள் வேலை செய்வோரும், பெரும்பாலும் கெட்ட எண்ணமின்றியே, அதற்கு உடன்பட்டுப் போவர்.

அம்மையாரின் ‘தாதிமைக் குறிப்புகள்’ 1859 இல் எழுதப்பட்ட சிறு நூல். அதிலுள்ள அறிவுரைகள் மிகச் சாதாரணமானவைபோலத் தோன்றும். நோயாளியின் அறைக்கு வெளியே நின்று வைத்தியரும் உறவினரும் குசுகுசுவெனப் பேசுவதை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். உள்ளே கிடப்பவன் தன்னைப்பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அறிவான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க முயன்று களைத்துப் போவான். வெறுமனே ‘பயப்படாதேயுங்கள், சுகமாகிவிடும்’ என்று வருவோரெல்லாம் சொல்லிப் போவதும் அவருக்குப் பிடிக்காது. நோயாளியின் நிலையை அறியாமற் சொல்லும் ஆறுதல் அவனைத் தனிமைப்படுத்தும் என்பது அவர் கருத்து. நம் வீடுகளில் நோயாளியைப் பார்க்க வருவோரை எண்ணிப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும். இன்னுமொன்று: தாதி அருகில் இருக்கும்போது நடப்பவை, அவள் இல்லாத வேளையிலும் நடக்க வழிசெய்திருக்க வேண்டும் என்கிறார். அவ்வாறு செய்யாதவளின் அன்பு அவள் கடமைநேரம் முடிந்ததும் முடிந்துவிடுகிறது.

1860 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. பயில்வோர் ஒவ்வொருவரைப் பற்றியும் மாதந்தோறும் குறிப்பேடு எழுதப்பட்டது. கைத்திறனோடு நம்பகத்தன்மையும், நோயாளியை அவதானிக்கும் திறனும் அதில் மதிப்பிடப்பட்டன. கண்டதைக் கண்டபடி சொல்லாதவள் எத்துணைச் சுறுசுறுப்பானவளாயினும் பயனில்லை அல்லவா?

ஆனால் தாதி யாரிடம் சொல்வது, யாருக்கு எதிராகவும் சொல்லலாமா என்ற கேள்விக்கு விடை கிடைக்க நீண்ட காலமாயிற்று. தாதியர் எடுக்கும் ‘நைற்றிங்கேல் உறுதிமொழி’ அம்மையார் எழுதியதன்று. 1893 இல் அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில் இயற்றப்பட்டது. வைத்தியருக்கு விசுவாசத்துடன் உதவுவேன் என்பது அதிலுள்ள வாக்கு. சர்வதேசத் தாதியர் பேரவை 1953 இல் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோவையும் வைத்தியரின் கட்டளைகளை விசுவாசமாக நிறைவேற்றுமாறு பணித்தது. ஒழுக்கத்துக்கு மாறானவற்றில் பங்குகொள்ள மறுக்கவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டது. 1973 இல் அக்கோவை திருத்தப்பட்டபோது அந்த விசுவாச வாசகம் நீக்கப்பட்டது. தாதியின் முதற் பொறுப்பு பராமரிப்பை நாடி வந்தவரிடத்தே என்று எழுதப்பட்டது. சகஊழியராலோ வேறெவராலோ நோயாளியின் பராமரிப்புக்கு ஆபத்து நேருமாயின், அவரைக் காக்கத் தாதி தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற விதியும் அதில் இடம்பெற்றது.