வலிக்குக் காரணம் புனல்

பம்பில் பால் எடுக்கும் தாய்க்குத் தேவை பொறுமை அல்ல, பொருத்தமான அளவு

குழந்தை இன்குபேட்டரில். தாய் வார்டில். உறிஞ்சத் தெம்பில்லாத குறைமாதச் சிசுவுக்கு அவள் பாலை எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். பம்பை வைத்த மறு நிமிடமே பல்லைக் கடிக்கிறாள். "பிள்ளை பெற்றவளுக்கு வலி இல்லாமலா?" என்று உடனிருக்கும் பெரியவர்கள் தேற்றுகிறார்கள். அந்த ஆறுதலில்தான் தவறு தொடங்குகிறது.

இத்தகைய சிசுக்களின் பிரச்னையை மும்பை முன்பே எதிர்கொண்டது. தாராவியை ஒட்டியுள்ள சயான் மருத்துவமனையில் 1989இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதல். இத்தகைய வங்கிகளில் தானமாக வரும் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள். ஆனால் தானப் பால் இரண்டாம்பட்சமே. பெற்றவளின் பாலுக்குத்தான் முதலிடம்.

அந்தப் பால் வற்றாமலிருக்க இரவு உள்பட நாளுக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டும். வலித்தால் எட்டு நான்காகும். நான்கு நின்றே போகும். எடுக்காத பால் முதலில் கட்டிக்கொள்ளும், பிறகு சுரப்பே குறையும். நஷ்டம் சிசுவுக்கு.

பல சமயம் குற்றவாளி, மார்பில் பொருத்தும் புனல். பெரும்பாலும் பம்புடன் ஒரே அளவுப் புனல்தான் வருகிறது. 24 மில்லிமீட்டர் பரவலான அளவு. பெண்களின் உடலோ ஒரே அளவில் இல்லை. ஒரே பெண்ணுக்கு இடமும் வலமும்கூட வேறுபடலாம். புனலின் குழாய் குறுகலாக இருந்தால் காம்பு உரசிப் புண்ணாகும், வெளுத்துப்போகும். அகலமாக இருந்தால் சுற்றியுள்ள கரிய பகுதியும் உள்ளே இழுபட்டு வீங்கும்; பாலும் சரியாக வராது.

சோதனை எளிது. காம்பின் அடிப்பகுதியின் அகலத்தை மட்டும் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். குழாய் அதைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். பம்ப் இயங்கும்போது காம்பு பக்கங்களில் உரசாமல் முன்னும் பின்னும் நகர வேண்டும். பிரசவத்துக்குப் பின் அளவு மாறக்கூடும் என்பதால் சில வாரம் கழித்து மீண்டும் அளப்பது நல்லது.

வேகத்தைக் கூட்டினால் பாலும் கூடும் என்பது இன்னொரு தப்பெண்ணம். வலி தொடங்குவதற்கு ஒரு படி கீழேயே இழுவிசையை நிறுத்த வேண்டும். புனல் சரியாக இருந்தும் வலி நீடித்தாலோ, மார்பு சிவந்து காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ரயிலேறி அலுவலகம் போகும் பெண்களுக்குச் சட்டம் முதல் இரு பிரசவங்களுக்கு 26 வார ஊதிய விடுப்பு தருகிறது. தாராவியின் குடிசைத் தொழில்களில் கூலிக்கு உழைப்பவளுக்கு அந்த வசதி எட்டுவது அரிது. நல்ல பம்பும் எட்டாது. கையைச் சுத்தமாகக் கழுவி, கையாலேயே பாலைப் பீய்ச்சி எடுக்க அவளுக்குச் சொல்லித்தர ஒரு நர்ஸ் போதும்.

பம்ப் உள்ளவளுக்கோ, மூத்த பிள்ளையின் பள்ளிப் பையில் இருக்கும் அளவுகோல் போதும்.