வாய் போடும் மார்க், மூளை போடும் மார்க்

போனில் பெயர் சொல்லும்போது இனிஷியலில்தான் தகராறு வரும். “எஸ்ஸா, எஃப்பா?” என்று எதிர்முனை கேட்கும். “எஸ்ஸுங்க, சேலம் எஸ்!” என்று நாம் கத்துவோம். யார் காதிலும் கோளாறு இல்லை. பழைய டெலிபோன் வழி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தியது. எஸ்ஸை எஃப்பிலிருந்து பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால், வழியிலேயே வெட்டுப்பட்டுவிடும். இணையம் வழியாகப் போகும் பேச்சுக்கு வேறு தொல்லை. அது பெரும்பாலும் 20 மில்லிநொடித் துண்டுகளாகப் பயணிக்கிறது. துண்டு ஒன்று தொலைந்தால், முந்தைய துண்டைக் கொண்டு கருவி ஒட்டுப்போட்டுச் சமாளிக்கும். குரல் திடீரென்று இயந்திரம்போல் இழுபடுவது பல நேரங்களில் இந்த ஒட்டுவேலைதான்.

“கிணற்றுக்குள்ளிருந்து பேசுற மாதிரி இருக்கு” என்று நாம் சொல்வது துல்லியமான வர்ணனைதான். ஆனால் பொறியாளருக்கு எண் வேண்டும். அதற்காக, ஆட்களை அமைதியான அறையில் உட்காரவைத்து, பதிவுசெய்த வாக்கியங்களை ஒலிக்கவிட்டு, 1 முதல் 5 வரை மார்க் போடச் சொல்கிறார்கள். 5 அருமை, 1 மோசம். எல்லோர் மார்க்கின் சராசரியே அந்த இணைப்பின் தரம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பி.800 என்ற பரிந்துரையில் இதற்கு விதிமுறையே வகுத்திருக்கிறது. மனிதர்கள் என்ன மார்க் போடுவார்கள் என்று கணக்கிட்டுச் சொல்லும் கணினி முறைகளும் பிறகு வந்தன.

இந்த மார்க்கில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. விருந்தில் “சாப்பாடு எப்படி?” என்று கேட்டால் என்ன சொல்வோம்? அதோடு, மார்க் என்பது கேட்டு முடித்த பிறகு யோசித்துச் சொல்லும் தீர்ப்பு. கேட்டுக்கொண்டிருந்தபோது மூளை எவ்வளவு சிரமப்பட்டது என்பது அதில் பதிவாகாது.

அந்தச் சிரமத்தைப் பார்க்க உதவுவது இ.இ.ஜி. ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளை மண்டைக்கு வெளியிலிருந்து பதிவுசெய்தார். இன்றும் அடிப்படை அதேதான்: தலையில் மின்முனைகள் பதித்த தொப்பி, தோலுக்கும் முனைக்கும் நடுவே பசை. கிடைக்கும் மின்னழுத்தத்தை மைக்ரோவோல்ட்டில், அதாவது வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், அளக்க வேண்டும். கண் இமைத்தாலே அதைவிடப் பெரிய அலை எழும்பி எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். அதனால் ஒரே ஒலியைப் பலமுறை ஒலிக்கவிட்டு, பதிவுகளைச் சராசரி எடுப்பார்கள். சம்பந்தமில்லாத அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்க, ஒலிக்கு மூளை தந்த பதில் மட்டும் மேலே தெரியும்.

அந்தப் பதில்களில் பி300 என்பது பிரசித்தம். ஒரே மாதிரி வரும் ஒலிகளுக்கு நடுவே வித்தியாசமான ஒன்று வந்தால், சுமார் 300 மில்லிநொடி கழித்து எழும் மேடு இது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேச்சுத் தரத்தை அளக்க இதைப் பயன்படுத்தினார்கள். சுத்தமான ‘ஆ’ ஒலி திரும்பத் திரும்ப வரும். இடையிடையே வெவ்வேறு அளவில் இரைச்சல் கலந்த ‘ஆ’. கெட்டுப்போனது என்று தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். இரைச்சல் கூடக்கூட மேடு உயர்ந்தது, சீக்கிரமும் வந்தது. அது எதிர்பார்த்ததுதான். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு. இரைச்சல் மிக லேசாக இருந்தபோது சிலர் பொத்தானை அமுக்கவில்லை. அவர்களுக்கு இரைச்சல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர்களில் சிலருடைய மூளை, இரைச்சலைக் கண்டுபிடித்த நேரங்களில் காட்டிய அதே சாயலில் பதில் தந்திருந்தது.

அங்கேயே ஒலிப்புத்தகத்தை நீண்ட நேரம் கேட்கவைத்தும் பார்த்தார்கள். ஒலியின் அதிர்வெண் அகலத்தைக் குறுக்கியபோது, களைப்போடு தொடர்புள்ள மெதுவான அலைகள் மிகுந்தன. அவற்றில் ஒன்று நொடிக்கு 8 முதல் 12 முறை துடிக்கும் ஆல்ஃபா. நாள் முழுக்க ஆன்லைன் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு, “சும்மா உட்கார்ந்துதானே இருந்தே?” என்று வீட்டில் கேட்கும்போது பதில் தெரியாமல் விழித்தவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இதனால் மார்க் போடும் முறை ஒழிந்துவிடாது. பி300 எழுந்தால் மூளை வித்தியாசத்தைப் பிடித்தது என்று பொருள். கேட்டவருக்கு அந்த ஒலி பிடிக்கவில்லை என்றோ, போனை வைத்துவிடத் தோன்றியது என்றோ பொருளில்லை. அதை ஆளிடம்தான் கேட்க வேண்டும். ஒரே ‘ஆ’வைப் பலநூறு முறை கேட்பதும் யாரும் போனில் செய்கிற காரியம் இல்லை. தொப்பி மாட்டி, ஒவ்வொரு முனைக்கும் பசை வைத்துச் சரிபார்ப்பதற்கே நேரம் பிடிக்கும். சோதனை முடிந்ததும் வந்தவர் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.