பெரணமல்லூரில் இல்லாத வெயிலா?

ஆரணிப் பக்கம் பெரணமல்லூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பட்டு நெசவுக் குடும்பம். ஐந்தாவது படிக்கும் மகள் யூடியூபில் பியர்டட் டிராகன் என்கிற தாடி ஓணானைப் பார்த்துவிட்டு, பிறந்தநாளுக்கு அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். விசாரித்தால் பிராணியின் விலையைவிடப் பெட்டிக்கும் விளக்குகளுக்கும்தான் அதிகம் கேட்கிறார்கள். சூடு தர ஒரு விளக்கு, புற ஊதாக் கதிர் தர இன்னொரு விளக்கு. “எங்கள் ஊரில் இல்லாத வெயிலா? வெயிலையும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?” என்பது அவர் கேள்வி. ஓணான், வேலி, வேட்டி மூன்றும் வரும் பழமொழி ஒன்று எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அதை அவர் வீட்டுப் பெரியவர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்.

விளக்கு விஷயத்தில் கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஏமாற்று இருப்பது மற்ற வாசகங்களில். ‘பராமரிப்பே தேவையில்லாத ஊர்வன’, ‘குழந்தையோடு கொஞ்சி விளையாடும்’ என்றெல்லாம் சொல்கிறார்கள். கையில் எடுத்தால் இது அதிகம் துள்ளாது, உண்மைதான். உள்ளங்கையின் கதகதப்பும் பிடிக்கும். அதற்கு மேல் அன்பு, பாசம் என்று வீடியோக்காரர்கள் சேர்ப்பதெல்லாம் அவர்கள் கைச்சரக்கு. நம் வேலி ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பங்காளிகள். தலையை ஆட்டி மிரட்டுவது, தொண்டை நிறத்தை மாற்றுவது, காலையில் வெயில் காய்ந்த பிறகே இரை தேடுவது எல்லாம் இரண்டுக்கும் பொது.

அந்த வெயில் காய்தலில்தான் வாசகர் கேள்விக்கான விடை இருக்கிறது. வைட்டமின் டி வெயிலில் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பாடப் புத்தகம் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது.

தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற மூலக்கூறு இருக்கிறது. நான்கு வளையங்கள் கொண்டது. 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதா-பி கதிர் பட்டால் இரண்டாவது வளையம் பட்டென்று திறந்துகொள்ளும். இப்படிப் பிறப்பது வைட்டமின் டி இல்லை, அதற்கு முந்தைய நிலை. அதை முன்-வைட்டமின் என்று வைத்துக்கொள்வோம். இது வைட்டமினாக மாற ஒரு ஹைட்ரஜன் அணு மூலக்கூறின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலுக்கு ஒளியால் பயனில்லை, வெப்பம்தான் வேண்டும். நம் உடம்பு எப்போதும் 37 டிகிரியில் இருப்பதால் இந்த இரண்டாம் படி ஓசைப்படாமல் நடந்துவிடுகிறது, நாம் கவனிப்பதே இல்லை. ஓணானுக்குச் சொந்த அடுப்பு கிடையாது. ஒளி மட்டும் கிடைத்து உடம்பு குளிர்ந்து கிடந்தால் பாதி வேலை அப்படியே நின்றுவிடும்.

வாசகர் ஊரிலேயே இதற்கு உவமை இருக்கிறது: சாயப்பட்டறை. கச்சாப் பட்டை முதலில் சோப்புத் தண்ணீரில் காய்ச்சிப் பசையை நீக்குகிறார்கள். பசை போனால்தான் சாயம் இழைக்குள் இறங்க வழி திறக்கும். தோலில் அந்தத் திறப்பு வேலையைப் புற ஊதாக் கதிர் செய்கிறது. அடுத்தது சாயக் கொப்பரை. எவ்வளவு உயர்ந்த சாயமானாலும் பச்சைத் தண்ணீரில் பட்டு அதைச் சரியாகப் பிடிக்காது, கொப்பரைக்கு அடியில் தீ வேண்டும். பட்டறைக்காரர் நூல் கழிகளைக் கம்பில் மாட்டித்தான் கொப்பரையில் முக்குவார். அள்ளிப் போட்டால் சிக்கு விழும், நிறம் திட்டுத்திட்டாக ஏறும். ஓணான் தோலிலும் அந்தக் கம்பு உண்டு. முன்-வைட்டமின் மூலக்கூறு பல விதமாக முறுக்கிக்கொள்ளக் கூடியது. அவற்றில் ஒரே ஒரு நிலையில்தான் ஹைட்ரஜன் தாவ முடியும். செல் சவ்விலுள்ள கொழுப்பு மூலக்கூறுகள் அதை இருபுறமும் பிடித்து அந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கின்றன.

இது வெறும் ஊகம் இல்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹோலிக்கும் சகாக்களும் 1995-இல் பச்சை இகுவானாவின் தோலை வைத்து அளந்து காட்டினார்கள். 25 டிகிரி வெப்பத்தில், சாதாரணக் கரைப்பானில் இருக்கும் முன்-வைட்டமினில் பாதி மாற 72 மணி நேரம் ஆகிறது. அதே வெப்பத்தில் தோலுக்குள் 8 மணி நேரம் போதும். சொந்த அடுப்பு இல்லாத பிராணி, இருக்கும் கொஞ்ச வெப்பத்தில் வேலையை முடிக்கக் கண்டுபிடித்த சிக்கனம் இது. எனக்கு இந்த ஒரு சேதிக்காகவே முழுக் கட்டுரையும் எழுதலாம் போலிருக்கிறது.

உவமையை இன்னும் இழுத்தால் இழை அறும் என்று தெரியும். இருந்தாலும் ஒரு முக்கு. பட்டறையில் கழியைக் கூடுதலாக ஊறவிட்டால் நிறம் கறுத்துப்போகும். தோல் கொப்பரையில் அப்படி ஆகாது. வெயில் மிஞ்சினால் அதே ஒளி முன்-வைட்டமினை லூமிஸ்டெரால், டாக்கிஸ்டெரால் என்று வேறு பொருள்களாகத் திருப்பிவிடும். அதனால் எவ்வளவு வெயில் காய்ந்தாலும் வைட்டமின் டி நஞ்சாகும் அளவுக்குச் சேராது. இரையில் தூவும் வைட்டமின் பொடிக்கு இந்தக் கடிவாளம் கிடையாது. ‘பல்பு வேண்டாம், பொடி போதும்’ என்கிற கடைகளைத் தள்ளிவைக்க இதுவே காரணம். பாந்தர் பச்சோந்திகளை ஆராய்ந்த கேரி ஃபெர்குசன் குழு 2003-இல் இன்னொன்றைச் சொன்னது: உணவில் வைட்டமின் டி குறைவாகக் கிடைத்தவை தாமாகவே புற ஊதாக் கதிரை அதிகம் தேடிப் போயின. யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

இப்போது வாசகர் கேள்விக்கு வருவோம். பெரணமல்லூர் வெயில் வீட்டுக்குள் வருவதில்லை. சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், புற ஊதா-பி கதிரை அநேகமாக முழுவதும் தடுத்துவிடும். சரி, கண்ணாடிப் பெட்டியையே முற்றத்தில் வைத்தால்? கதிர் அப்போதும் உள்ளே போகாது, வெப்பம் மட்டும் வெளியே வர முடியாமல் சேரும், பிராணி சில நிமிடங்களில் செத்துப்போகும். கம்பிவலைக் கூண்டில், பாதி நிழலோடு, ஆள் பக்கத்தில் இருக்கும்போது முற்றத்தில் விடலாம். அதுவும் விடிந்ததும் வரும் இளவெயிலில் பயனில்லை. சூரியன் சாய்ந்திருக்கும்போது புற ஊதா-பி கதிரை வளிமண்டலமே வடிகட்டிவிடுகிறது. இளவெயிலில் வைட்டமின் டி கொட்டிக் கிடப்பதாக வாட்ஸ்அப்பில் மனிதர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைக்கும் இதே பதில்தான்.

சித்திரை, வைகாசியில் சிக்கல் தலைகீழாகிவிடும். இந்தப் பிராணிக்குப் பெட்டியின் ஒரு மூலையில் 40 டிகிரி வாக்கில் வெயில் காயும் இடம் வேண்டும், மறுமூலை 25, 28 டிகிரியில் இருக்க வேண்டும். அது இங்குமங்கும் நடந்துதான் தன் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்கிறது. வெளிநாட்டுக் கையேடுகள் சூடான மூலையை உண்டாக்கப் பக்கம் பக்கமாகச் சொல்லித்தருகின்றன. அறையே 38 டிகிரியில் தகிக்கும் ஊரில் குளிர்ந்த மூலைக்கு எங்கே போவது என்று அவற்றில் இல்லை. மின்வெட்டு வந்து மின்விசிறியும் நின்றுவிட்டால் யோசிக்கவே வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான, தரைமட்ட அறை எதுவென்று முதலில் பார்க்க வேண்டும். தறிக்குழி இருக்கும் அறை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இரைக்கு வைத்திருக்கும் சுவர்க்கோழி தப்பிப் பாவுக்குள் புகுந்தால் பொறுப்பு நான் இல்லை.

விளக்கை வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, சூட்டு விளக்கை ஒரு கோடியிலும் புற ஊதாக் குழல்விளக்கை மறுகோடியிலும் மாட்டுவது. சூரியனிடம் ஒளியும் சூடும் ஒன்றாகவே வருகின்றன. கடைதான் அவற்றைப் பிரித்து விற்கிறது. பிரித்து வாங்கியதை ஒரே கட்டைக்கு மேலே சேர்த்து மாட்ட வேண்டும். அட்டைப் பெட்டியில் ‘முழு நிறமாலை’ என்று அச்சடித்திருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. அலைநீளமும் புற ஊதா அளவும் சொல்லாத விளக்கு வெறும் விளக்கு. நல்ல குழல்விளக்கும் ஓராண்டு வாக்கில் கதிர் தருவதைக் குறைத்துக்கொள்ளும், வெளிச்சம் மட்டும் குறையாமல் எரியும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இதில் கோட்டைவிட்டால் என்ன ஆகும்? வைட்டமின் டி இல்லாமல் குடல் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சாது. ரத்தத்தில் அது குறைந்தால் நரம்பும் தசையும் நின்றுவிடும் என்பதால் உடம்பு எலும்பைக் கரைத்து ஈடுகட்டும். தாடை ரப்பராகும், கால் வளையும், உடம்பு நடுங்கும். அப்போதும் அது அசையாமல் கையில் உட்கார்ந்திருக்கும், ‘எவ்வளவு சாது!’ என்று வீடியோ எடுப்பார்கள்.

வரலாறும் கொஞ்சம் சொல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். இந்த இனத்துக்கு 1926-இல் எர்ன்ஸ்ட் ஆல் என்ற ஜெர்மானியர் பெயர் வைத்தார். தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அந்நாடு தன் ஊர்வனவற்றை உயிரோடு வணிகத்துக்கு ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. அப்படியானால் உலகமெங்கும் வீடுகளில் இருப்பவற்றின் பாட்டன் பாட்டிகளில் பெரும்பாலானவை எப்படி வெளியே வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். 32 டிகிரிக்கு மேல் முட்டை அடைபட்டால் மரபணுப்படி ஆணாக வேண்டிய குஞ்சு பெண்ணாகப் பொரிக்கும் என்பது இதே இனத்தின் இன்னொரு விசித்திரம். காட்டிலும் அப்படி நடப்பதை 2015-இல் உறுதி செய்தார்கள். அது தனிக் கட்டுரைக்கு உரியது, இங்கே வேண்டாம்.

காகிதம் முக்கியம். நம் சென்னை விமான நிலையத்தில் 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து வந்து கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளுக்குள் 45 பால் பைத்தான்களும் வேறு சில உயிர்களும் நெளிந்தன. இந்த வியாபாரத்தின் லட்சணம் அது. அயல்நாட்டு உயிரினத்தைக் கொண்டுவர இறக்குமதி உரிமம் வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் பட்டியலில் வரும் அயல் உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய 2024-இல் தனி விதிகளும் வந்துவிட்டன. ‘இங்கேயே பொரித்தது சார்’ என்று கடைக்காரர் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். வன அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரைக்கு வளர்ப்புச் சுவர்க்கோழி, பிளாக் சோல்ஜர் ஈயின் புழு, கூடவே கீரை. வயலில் பிடித்த வெட்டுக்கிளி வேண்டாம், அது எந்த மருந்தடித்த நிலக்கடலையைத் தின்றதோ. பட்டுப்புழுவும் இதற்கு நல்ல இரை. ஆனால் ஊரெல்லாம் பட்டு இருந்தும் புழு கிடைக்காது, ஆரணி வட்டாரத்துக்கு வருவது நூல்தான். மின்மினியை மட்டும் கிட்டவே விடக்கூடாது. அமெரிக்க மின்மினி ஒன்றே ஒன்றைத் தின்று தாடி ஓணான் செத்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. கூடப் பிறந்து வளராத பூச்சியின் நஞ்சை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

குழந்தையின் கை இன்னொரு கவலை. இந்தப் பிராணி நோய் ஏதும் இல்லாமலே சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். அமெரிக்காவில் 2012 முதல் 2014 வரை இவற்றால் பரவிய ஒரு தொற்றில் 166 பேர் பாதிக்கப்பட்டார்கள். பாதிக்கு மேல் 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள். பத்து வயதுப் பெண் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்வாள். வீட்டில் தவழும் தம்பி இருந்தால் பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு பருவம் முழுக்க மகள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. காலை எட்டு மணியிலிருந்து வேலி ஓணான் எங்கே உட்காருகிறது, எந்தப் பக்கம் உடம்பைத் திருப்புகிறது, எப்போது கறுத்து எப்போது வெளுக்கிறது, எந்நேரம் நிழலுக்கு இறங்குகிறது என்று நோட்டில் எழுதலாம். ராமருக்குத் தாகத்துக்குச் சிறுநீர் கொடுத்தது என்று கதைகட்டி, அதைச் சுருக்குப் போட்டுக் கொன்ற தலைமுறைகள் நாம். அதற்கு இந்த அளவுக்காவது கடன்பட்டிருக்கிறோம். பக்கத்துப் பாறைக் குன்றுகளில் பாறை ஓணான் கண்ணில் பட்டால் இன்னும் நல்லது. சண்டைக்கு ஒரு நிறக்கூட்டு, இணை தேட வேறொரு நிறக்கூட்டு என்று ஆண் பாறை ஓணான் சில நொடிகளில் மாறுவதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தாக்கர் குழு பதிவு செய்திருக்கிறது. எதையும் பிடிக்க வேண்டாம், பார்த்தால் போதும். ஒரு மாதத்தில் நோட்டு நின்றுபோனால் வாங்க வேண்டாம். பத்தாண்டு வாக்கில் உயிர்வாழும் பிராணி இது. அவள் கல்லூரிக்குப் போன பிறகு சுவர்க்கோழிக்குத் தீனி வைக்கப் போவது யார் என்பதும் வாசகருக்குத் தெரியும்.

அவர் கடிதத்தின் அடியில் ஒரு துணைக்கேள்வி: இரவில் எரிய சிவப்பு விளக்கு ஒன்றும் வாங்கச் சொல்கிறார்களாம். வேண்டாம். இரவில் 20 டிகிரி வரை இறங்கினாலும் இந்தப் பிராணி தாங்கும், பெரணமல்லூர் மார்கழியில்கூட வீட்டுக்குள் அதற்குக் கீழே போவது அபூர்வம். பகலில் 12 மணி நேரம் இரண்டு விளக்கும் எரியட்டும், பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அந்தக் காசை மிச்சம் பிடித்து, சூடான மூலைக்கு ஒன்று, குளிர்ந்த மூலைக்கு ஒன்று என இரண்டு வெப்பமானிகள் வாங்குங்கள்.