வரிசை தொலைந்த வட்டுகள்

டாலிகஞ்சில் ஓர் எடிட்டிங் அறை. மேசைக்கு அடியில் நான்கு ஹார்டு டிஸ்க் செருகிய கறுப்புப் பெட்டி ஒன்று முனகிக்கொண்டிருக்கிறது. அறையிலுள்ள கணினிகள் எல்லாம் நெட்வொர்க் வழியாக அதிலிருந்துதான் ஃபுட்டேஜை எடுத்துக்கொள்கின்றன. ‘நாஸ்’ என்பார்கள். நேற்று படம்பிடித்த காட்சி அந்த நான்கு டிஸ்கில் எதில் இருக்கிறது என்று கேட்டால், எதிலுமே முழுதாக இல்லை என்பதுதான் சரியான பதில். 64 கிலோபைட்டோ 512 கிலோபைட்டோ கொண்ட துண்டுகளாக வெட்டுப்பட்டு, நான்கிலும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு டிஸ்கை மட்டும் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் ஒரு ஷாட்கூட ஓடாது.

தெற்குக் கொல்கத்தாவின் இந்தப் பகுதியில் இத்தகைய பெட்டிகளுக்குத் தேவை அதிகம். வங்காள சினிமாவும் தொலைக்காட்சித் தொடர்களும் இங்கிருந்துதான் வருகின்றன. எடிட்டிங்குக்குப் பயன்படும் புரோரெஸ் 422 ஹெச்கியூ வடிவில் 4கே படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 330 ஜிகாபைட் பிடிக்கும். தினமும் ஒளிபரப்பாகும் தொடருக்கு ஒரு பெட்டி எத்தனை நாள் தாங்கும்? வில்ஃபோர்ட் டெமிங் என்ற அமெரிக்க ஒலிப்பொறியாளர் 1932இல் இந்த வட்டாரத்தை ‘டாலிவுட்’ என்று எழுதினார். தெலுங்குக்காரர்கள் அந்தப் பெயருக்குப் போட்டியாக வந்தது பிறகுதான். தமிழ்ப் பேசும்படங்களும் ஆரம்பத்தில் கல்கத்தா ஸ்டுடியோக்களை நம்பி இருந்தவையே. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’ (1937) கல்கத்தாவின் ஈஸ்ட் இந்தியா ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது.

அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட். தீப்பிடித்தால் அணைக்க முடியாது. டாலிகஞ்சின் நியூ தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் 1940இல் நடந்த தீவிபத்தில் போன படச்சுருள்களில், தாகூர் தம் மேற்பார்வையில் 1932இல் எடுத்த ‘நடீர் பூஜா’வும் ஒன்று. நெகட்டிவ் எரிந்தால் அதற்கு ஈடாக எதையும் கணக்குப் போட்டு வரவழைக்க முடியாது. டிஜிட்டல் பதிவில் முடியும். ரெய்டு என்ற ஏற்பாட்டின் சாரமே அதுதான்.

பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். விலையுயர்ந்த ஒரே பெரிய டிஸ்குக்குப் பதிலாக மலிவான பல சிறிய டிஸ்குகளைச் சேர்த்து ஓட்டலாம் என்பது அவர்கள் யோசனை. பல டிஸ்க் என்றால் ஏதோ ஒன்று சாகும் வாய்ப்பும் பலமடங்கு. அதற்கு மருந்தாக அவர்கள் சேர்த்தது பாரிட்டி. (பாரிட்டியை வைத்துத் தொலைந்ததை மீட்கும் வழிக்கு ஐ.பி.எம். பொறியாளர் ஒருவர் 1978இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ரெய்டு என்று பெயர் வைத்து, வகை பிரித்து, உலகத்தைப் பேசவைத்தது பெர்க்லி.)

பாரிட்டியின் கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். முதல் டிஸ்கில் 1011 என்று இருக்கிறது. இரண்டாவதில் 0110. ஒரே இடத்திலுள்ள இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறுவேறாக இருந்தால் 1 என்று மூன்றாவதில் எழுதுகிறோம்: 1101. இப்போது இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டது. முதலையும் மூன்றாவதையும் வைத்து அதே விதியைப் போடுங்கள். 1011, 1101. விடை 0110. போனது வந்துவிட்டது. எத்தனை டிஸ்க் இருந்தாலும் விதி இதேதான். ரெய்டு 5 என்ற வகையில் இந்தப் பாரிட்டித் துண்டு ஒரே டிஸ்கில் தங்காமல் வரிசைக்கு வரிசை இடம் மாறிக்கொண்டே போகும். நான்கு டிஸ்க் போட்டால் மூன்றின் கொள்ளளவு நமக்கு, ஒன்றின் அளவு காப்புக்கு. ரெய்டு 6 இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். அதன் இரண்டாவது கணக்குக்குப் பின்னால் இருப்பது கணிதவியலாளர் எவரிஸ்த் கால்வாவின் இயற்கணிதம். அதற்குள் போனால் இந்த இதழில் பக்கம் போதாது.

ஒரு டிஸ்க் போனால் தாங்கும் என்ற தைரியமே பல பெட்டிகளுக்கு எமனாகிறது. சிவப்பு விளக்கு எரியும், பெட்டி பீப் பீப் என்று கத்தும், ஆனால் கோப்புகள் வழக்கம்போலத் திறக்கும். வேலைக்கு இடைஞ்சல் இல்லாததால் யாராவது பீப் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு மாதம் கழித்துப் புது டிஸ்க் வாங்கிப் போட்டால் மறுகட்டுமானம் தொடங்கும். மிச்சமுள்ள டிஸ்குகளைப் பெட்டி முதலிலிருந்து கடைசிவரை, ஓர் இடம் விடாமல் படித்தாக வேண்டும். 8 டெராபைட் டிஸ்க் நான்கு என்றால் படிக்க வேண்டியது 24 டெராபைட். வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் ஓடினாலும் பதினொரு மணி நேரம்; இடையில் எடிட்டிங்கும் நடந்தால் ஒரு நாளைத் தாண்டும். சாதாரண டிஸ்குகளின் தரக்குறிப்பில், 12.5 டெராபைட் படித்தால் படிக்க முடியாத இடம் ஒன்று வரலாம் என்ற கணக்கு இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலான டிஸ்குகள் அதைவிட நன்றாகவே உழைக்கின்றன. என்றாலும் ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத மூலையில் கெட்டுக்கிடக்கும் இடம் வெளிப்படுவது அன்றைக்குத்தான். நான்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே லாட்டில் வாங்கியவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது டிஸ்கும் வெளியேறுகிறது. மொத்தமும் மறைந்துவிடுகிறது.

கொல்கத்தாவில் மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் அடித்தபோது தெற்குக் கொல்கத்தாவின் பல பகுதிகளில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. புயலே வேண்டாம், கால்பைசாகி என்ற கோடை இடிமழை ஒன்றுக்கு நொடிநேரம் விளக்கு அணைந்து வந்தாலும் போதும். தரவை எழுதி முடித்து, அதன் பாரிட்டியை எழுதுவதற்குள் மின்சாரம் போனால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அப்போதைக்கு யாருக்கும் தெரியாது. பின்னொரு நாள் ஒரு டிஸ்க் செத்து, அந்தப் பாரிட்டியை நம்பிக் கணக்குப் போடும்போது தப்பான விடை வரும். யுபிஎஸ் இல்லாமல் நாஸ் பெட்டி ஓட்டுவது எனக்கு இன்றுவரை விளங்காத துணிச்சல்.

சரி, பெட்டி விழுந்துவிட்டது. திரையில் ‘புதிதாக உருவாக்கு’, ‘பழுதுபார்’ என்று பட்டன்கள் மின்னுகின்றன. மீட்பு வேலை செய்பவர்கள் எல்லோரும் சொல்வது, அதை அழுத்தாதீர்கள் என்பதுதான். பழைய அமைப்பு வேறு வரிசையில் இருந்து, புதிய அமைப்பு தன் வரிசைப்படி பாரிட்டியை எழுதத் தொடங்கினால், அது எழுதுவது நம் படத்தின் மேல். இரண்டு டிஸ்க் தகராறு செய்தபோது உயிரோடிருந்த தரவு அந்த அழுத்தலில் நிஜமாகவே சாகிறது. செய்ய வேண்டியது, பெட்டியை அணைத்து, எந்த டிஸ்க் எந்தச் சந்தில் இருந்தது என்று ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதிவிட்டுக் கழற்றுவது. பின்னர் அந்தப் பேனா எழுத்துக்கு மதிப்பு கூடும்.

அடுத்து நகல் எடுப்பார்கள். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதற்குப் பேர்போனது. நல்ல இடங்களையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்து, பிறகு முன்னிருந்தும் பின்னிருந்தும் திரும்பத் திரும்ப முயலும். ‘செத்துவிட்டது’ என்று பெட்டி ஒதுக்கிய டிஸ்கில் பெரும்பாலும் சில நூறு இடங்களே கெட்டிருக்கும். டிஸ்க் கடக் கடக் என்று தட்டினால் கதை வேறு: படிக்கும் ஹெட் போய்விட்டது. தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் அதை மாற்ற, தூசி வடிகட்டிய அறையும் அதே மாடல் டிஸ்க் இன்னொன்றும் வேண்டும். டிஸ்கின் மின்சுற்றுப் பலகையை மட்டும் மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய அளவீடுகள் பலகையிலுள்ள ஒரு சிப்பில் இருக்கின்றன. அதையும் பெயர்த்து வைக்காவிட்டால் புதுப் பலகை பழைய டிஸ்கோடு பேசாது.

இனிதான் அசல் வேலை. கயிறு அறுந்து கலைந்த ஏட்டுச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓலை ஒவ்வொன்றும் பத்திரமாக இருக்கிறது, பக்க எண் மட்டும் இல்லை. உ.வே. சாமிநாதையர் பொருளைப் பார்த்து வரிசைப்படுத்தினார். இங்கே மென்பொருள் அந்த வேலையைச் செய்ய வேண்டும். பெரும்பாலான நாஸ் பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ். ஒவ்வொரு டிஸ்கிலும், இன்று வழக்கிலுள்ள வடிவத்தில், பகுதியின் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி ஒரு சிறு குறிப்பு இருக்கும். எந்தக் கூட்டத்தைச் சேர்ந்த டிஸ்க், அதில் எத்தனையாவது, துண்டின் அளவு என்ன, எத்தனை மாற்றங்களைக் கண்டது என்பதெல்லாம் அதில் உண்டு. அந்த மாற்ற எண்ணை வைத்துத்தான், இரண்டு மாதம் முன்பே விழுந்த பழைய டிஸ்க் எது, நேற்று விழுந்தது எது என்று பிரிக்கிறார்கள். பழையதைத் தவறிச் சேர்த்தால் பழைய கோப்புகள் சரியாக வரும், புதியவை சிதைந்து வரும்.

குறிப்பும் அழிந்திருந்தால்? நான்கு டிஸ்கை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். பாரிட்டி நகரும் முறை வழக்கத்தில் நான்கு. துண்டின் அளவுக்கு ஆறு சாத்தியம் என்று கொண்டால், 576 சேர்க்கைகள். கணினிக்கு இது பெரிய எண் இல்லை. எது சரி என்று தெரிந்துகொள்வதில்தான் சிக்கல். நான்கு டிஸ்கிலும் ஒரே இடத்தை எடுத்துப் பாரிட்டி விதியைப் போட்டால் விடை முழுக்க 0 வர வேண்டும். வந்தால் நான்கும் ஒரே குடும்பம். ஆனால் அந்தக் கணக்குக்கு வரிசை பற்றிக் கவலை இல்லை, எந்த வரிசையில் போட்டாலும் 0தான். வரிசையைச் சொல்ல அதற்குத் தெரியாது. வரிசையைக் கண்டுபிடிக்க ஒரு பெரிய ஜேபெக் படத்தைத் தேடுவார்கள். எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டில் தொடங்குவதால் கண்டுபிடிப்பது எளிது. மேல்பாதி முகமும் கீழ்ப்பாதி வண்ணக்குப்பையுமாக வந்தால் அடுத்த துண்டு தப்பான டிஸ்கிலிருந்து வந்திருக்கிறது என்று பொருள். வீடியோ மட்டுமே நிறைந்த பெட்டியில் இது கடினம். சுருக்கிய வீடியோவின் எந்தத் துண்டும் பார்வைக்கு இரைச்சல்தான், பாரிட்டியும் இரைச்சல்தான். அப்போது கோப்புப் பெயர்கள் அடுக்கியுள்ள அட்டவணைப் பகுதிகளைத் தேடிப்பிடித்து அவற்றின் ஒழுங்கிலிருந்து வரிசையை ஊகிக்க வேண்டும்.

டிஸ்குகள் நலமாக இருந்தும் கோப்புகள் போவது உண்டு. 2021 ஏப்ரலில் ‘கியூலாக்கர்’ என்ற பணம்பறிக்கும் நிரல் உலகெங்கும் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்தது. கோப்புகளை 7-ஜிப் கொண்டு கடவுச்சொல் போட்ட பொதிகளாக்கி, மூலத்தை அழித்துவிட்டு, 0.01 பிட்காயின் கேட்டது. அழித்தல் என்றால் அட்டவணையில் பெயரை அடிப்பது மட்டுமே. உடல் டிஸ்கிலேயே கிடக்கும், அதன்மேல் வேறெதாவது எழுதப்படும்வரை. கோப்பின் தொடக்க அடையாளங்களைத் தேடித் தோண்டியெடுக்கும் ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளை அடிப்படையாக வைத்தே நிறுவனம் ஒரு மீட்புக் கருவியை வெளியிட்டது. பெயர்கள் போய்விடும், படங்கள் வரும். பெட்டியை உடனே நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் குறைவாகவே வரும்.

ரெய்டு எதைக் காக்கும், எதைக் காக்காது என்பது இந்த விவகாரத்தில் பளிச்சென்று தெரிகிறது. நாம் அழித்தால் நான்கு டிஸ்கிலும் ஒழுங்காக அழிந்து, பாரிட்டியும் அதற்கேற்பத் திருந்திவிடும். தீ, திருட்டு, தாறுமாறான மின்னழுத்தம் நான்கையும் ஒன்றாகத்தான் தாக்கும். லண்டனில் இருந்த ஹெண்டர்சன் பிலிம் லேபில் 1993இல் நடந்த தீவிபத்தில் சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்களின் நெகட்டிவ்கள் கருகின. இத்தாலியின் போலோனியாவில் வல்லுநர்கள் கருகியதை ஊறவைத்து நிமிர்த்தி, ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதத்தையும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே மீட்டார்கள். 2015இல் படங்கள் திரைக்குத் திரும்பின. ‘அபூர் சன்சார்’ நெகட்டிவ் எதற்கும் உதவவில்லை. வேறு ஆவணக் காப்பகங்களில் தனித்தனியாகப் பிரதிகள் இருந்ததால் அது பிழைத்தது. நாஸ் பெட்டிக்கும் வேறொரு கட்டடத்தில் ஒரு நகல் வேண்டும்.

சென்னையின் ரிச்சி தெருவைப்போலக் கொல்கத்தாவின் மின்னணுக் கடைத்தெருவான சாந்தினி சவுக்கிலோ வேறெங்கோ பெட்டியைக் கொடுத்து மீட்டீர்கள் என்றால், முதலில் கோப்புப் பட்டியலைக் காட்டுவார்கள். பெயர்களெல்லாம் சரியாக இருக்கும், அதைப் பார்த்துத் துள்ள வேண்டாம். சிறிய கோப்புகள் நான்கைத் திறந்து காட்டுவார்கள், அதுவும் போதாது. 50 கிலோபைட் ரசீது ஒரே துண்டுக்குள் அடங்கிவிடுவதால் டிஸ்க் வரிசை தப்பாக இருந்தாலும் திறந்துவிடக்கூடும். பெட்டியிலேயே பெரிய வீடியோ கோப்பையும், டிஸ்க் விழுவதற்கு முந்தைய வாரம் எடுத்த கோப்பு ஒன்றையும் கேளுங்கள். நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். படத்தில் கட்டம் கட்டமாக உடைசல் வந்தால், பழைய டிஸ்கைச் சேர்த்துவிட்டார்களா என்று விசாரியுங்கள். பணத்தை எடுத்து நீட்டுவது அதற்குப் பிறகு.