எத்தனை வாட்ஸ் போதும்?

வீட்டில் வாசித்துப் பழகி, முதல்முறையாக மேடை ஏறப்போகும் கிட்டார் கலைஞர் கடையில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐம்பது வாட்ஸ் ஆம்ப் போதுமா, நூறு வாட்ஸே எடுத்துடலாமா?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நூறு வாட்ஸ் ஆம்ப், ஐம்பதைவிட இரண்டு மடங்கு சத்தம் போடும் என்ற கணக்கு. இதை ஒருமுறை சரிசெய்துகொண்டால், மேடைக்கு வேண்டிய மற்ற சாமான்களைத் தேர்ந்தெடுப்பதும் எளிதாகிவிடும்.

முதலில் ஒலி போகிற வழியைப் பார்த்துவிடுவோம். கம்பி அதிர்கிறது. அதன் அடியில் இருக்கும் பிக்கப், அதாவது காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி, அந்த அதிர்வை மிகச் சிறிய மின்சாரமாக மாற்றுகிறது. ஆம்ப் அதைப் பெரிதாக்குகிறது. ஸ்பீக்கர் அதைக் கொண்டு காற்றைத் தள்ளுகிறது. வாட்ஸ் என்பது ஆம்ப் ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடிய சக்தியின் அளவு. பாதி வழியில் எடுத்த அளவு அது. காதுக்கு என்ன வந்து சேர்கிறது என்பதை அந்த எண் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

காதின் கணக்கு வேறு. சக்தியை இரண்டு மடங்காக்கினால் ஒலியின் அளவு 3 டெசிபல்தான் கூடும். 'கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள் போல' என்று தோன்றும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கானதாகக் காது உணர வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குச் சக்தி பத்து மடங்காக வேண்டும். ஆக, 50 வாட்ஸ் ஆம்பைப் போல இரண்டு மடங்கு சத்தம் வேண்டுமானால் 500 வாட்ஸ் தேவை. 15 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் இடையிலேயே வித்தியாசம் சுமார் 8 டெசிபல்தான். காதுக்கு அது இரண்டு மடங்குகூட இல்லை.

ஸ்பீக்கருக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்று ஸ்பீக்கர் விவரத்தாளில் போட்டிருப்பார்கள். ஒன்று 97, இன்னொன்று 100 என்று வைத்துக்கொள்வோம். அதே ஆம்பில் 97-ஐ எடுத்துவிட்டு 100-ஐ மாட்டினால், வாட்ஸை இரண்டு மடங்காக்கிய பலன் கிடைத்துவிடும். ஆம்ப் முகப்பில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்க்கும் நாம், இந்தச் சிறிய எழுத்துகளைப் பார்ப்பதே இல்லை.

அப்படியானால் பெரிய வாட்ஸ் எதற்கு? இங்கே 'ஹெட்ரூம்' என்ற சொல் வருகிறது. அரை லிட்டர் பாலைச் சின்னப் பாத்திரத்தில் காய்ச்சினால் பொங்கி வழியும். பெரிய பாத்திரத்தில் பொங்கினாலும் விளிம்புக்குள் அடங்கிவிடும். பால் இரண்டிலும் ஒரே அளவுதான். கம்பியை ஓங்கி அடிக்கும் அந்தக் கணத்தில் சிக்னல் அப்படித்தான் எகிறுகிறது. சின்ன ஆம்பால் அதைத் தாங்க முடியாமல் ஒலியின் உச்சி நசுங்கி 'டிஸ்டார்ஷன்' ஆகிறது. பெரிய ஆம்பில் ஒலி சுத்தமாகவே இருக்கும். ஆகவே ஜாஸ், மெல்லிசை என்று துல்லியமான ஒலி வேண்டுபவருக்குப் பெரிய பாத்திரம் தேவை. ராக், புளூஸ் வாசிப்பவருக்கோ அந்த வழிதல்தான் ருசி. அவர் 100 வாட்ஸ் ஆம்பை வாங்கினால், வழியும் அளவுக்கு அதை ஏற்றவே முடியாது. அதற்குள் மண்டபம் காலியாகிவிடும்.

டியூப் ஆம்ப், டிரான்சிஸ்டர் ஆம்ப் என்ற பிரிவையும் இதோடு சேர்த்தே புரிந்துகொள்ளலாம். பழைய வால்வு ரேடியோவில் இருந்ததைப் போன்ற கண்ணாடிக் குழாய்கள் கொண்டது டியூப் ஆம்ப். எல்லையைத் தாண்டும்போது அதன் ஒலி மெல்ல மெல்ல நசுங்கும். அது காதுக்கு இதமாக இருப்பதால் எல்லைக்கு மேலேயும் ஓட்டுவார்கள். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் எல்லையைத் தொட்டதும் கரகரக்கும், ஆகவே எல்லைக்குள்ளேயே ஓட்ட வேண்டும். அதனால்தான் 22 வாட்ஸ் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் போன்ற டியூப் ஆம்ப் ஒரு சின்ன மேடையைத் தாராளமாகச் சமாளிக்கும்போது, அதே வேலைக்கு டிரான்சிஸ்டர் ஆம்பில் 60 வாட்ஸுக்கு மேல் பார்க்கச் சொல்கிறார்கள். 1975 முதல் வரும் ரோலண்ட் ஜேசி-120, டிரான்சிஸ்டர் ஆம்ப்தான். 60 வாட்ஸ் வீதம் இரண்டு பக்கம், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். நன்றாக ஏற்றினாலும் ஒலி கலங்காது என்பதே அதன் புகழுக்குக் காரணம்.

நூறு வாட்ஸ் மோகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1960களுக்குப் போக வேண்டும். இன்றைக்கு இருப்பது போல மேடையின் எல்லா ஒலியையும் மைக் வைத்துச் சேர்த்து அரங்கத்துக்கு அனுப்பும் ஏற்பாடு அப்போது வளரவில்லை. கிட்டார் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் ஆம்பே கத்தியாக வேண்டும். 'தி ஹூ' குழுவினர் கேட்டதற்காக 1965-ல் ஜிம் மார்ஷல் 100 வாட்ஸ் ஆம்ப் செய்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000-க்கும் மேற்பட்டோர் முன் பீட்டில்ஸ் வாசித்தபோது, அவர்களிடம் 100 வாட்ஸ் வாக்ஸ் ஆம்ப்கள் இருந்தன. ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசித்தது அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

இன்று அந்த வேலையை மேடைக்கு இருபுறமும் நிற்கும் ஒலிபெருக்கிகள் செய்கின்றன. ஆம்பின் முன்னால் ஷூர் எஸ்எம்57 போன்ற ஒரு மைக்; அங்கிருந்து மிக்ஸர்; மிக்ஸரிலிருந்து அரங்கம். ஆகவே உங்கள் ஆம்ப் கேட்க வேண்டியது கூட்டத்துக்கு அல்ல. உங்களுக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும். அளவுகோல் உங்கள் டிரம்மர்தான். அவர் வழக்கமான வேகத்தில் அடிக்கும்போது நீங்கள் வாசிப்பது உங்களுக்குத் தெளிவாகக் கேட்டால் அந்த ஆம்ப் போதும்.

கேட்கவில்லை என்றாலும் உடனே வால்யூமைத் திருகாதீர்கள். ஆம்ப் தரையில் இருக்கிறது, உங்கள் காது ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேராக முன்னே பாயும். உங்களுக்கு முழங்காலோடு போய்விடும் அந்த ஒலி, முன்வரிசைக்காரரின் முகத்தில் அடிக்கும். ஆம்பை ஒரு நாற்காலிமேல் ஏற்றுங்கள், அல்லது பின்னோக்கிச் சாய்த்து வையுங்கள். மைக்கையும் கவனியுங்கள். ஸ்பீக்கரின் நடுவில் குறிவைத்தால் ஒலி கூர்மையாகவும், அங்கிருந்து இரண்டு விரற்கடை ஓரமாக நகர்த்தினால் மென்மையாகவும் வரும். ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தேடும் 'டோன்' சிலசமயம் அந்த இரண்டு விரற்கடையில்தான் இருக்கிறது.

கிட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போது மேடை விளக்குகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சுருள் கொண்ட 'சிங்கிள் காயில்' பிக்கப், கம்பியின் அதிர்வோடு சுற்றியிருக்கும் மின்சாரத்தின் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். விளக்கு டிம்மர்களுக்குப் பக்கத்தில் நின்றால் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கூடவே வரும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-ல் உருவாக்கிய 'ஹம்பக்கர்' இதற்குத் தீர்வு. இரண்டு சுருள்கள், காந்த முனையும் இணைப்புத் திசையும் ஒன்றுக்கொன்று எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலி மட்டும் கூடும்.

நம் ஊர் மெல்லிசை மேடைகளில் பல கலைஞர்கள் ஆம்பே கொண்டுவருவதில்லை. மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியிலிருந்து நேராக மிக்ஸருக்கு வயர் போய்விடும். நல்ல வழிதான், சுமையும் இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியைப் பெரிதும் விழுங்கிவிடும். அரங்க ஒலிபெருக்கி எதையும் விழுங்காது. எனவே பெட்டியில் 'கேபினட் சிமுலேஷன்' என்ற வசதியைப் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் டிஸ்டார்ஷன் வெறும் சரசரப்பாகக் கேட்கும். பக்கத்தில் ஆம்ப் இல்லாததால், சவுண்ட் செக்கில் உங்களை நோக்கி வைத்திருக்கும் மானிட்டர் ஒலிபெருக்கியில் கிட்டார் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் என்றால் பின்புறம் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது. போதிய திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ரீங்காரம் குறையும் என்று யார் சொன்னாலும் பிளக்கின் எர்த் முனையை எடுத்துவிடாதீர்கள். கையில் கிட்டார் கம்பியும், உதட்டருகே மைக்கும் இருக்கும் இடத்தில் அது உயிரோடு விளையாடுவது.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். மேடையில் வாசிக்கும் அளவுக்கு ஆம்பை ஏற்றச் சொல்லுங்கள். குறைந்த சத்தத்தில் கேட்கும் ஒலியும் அதுவும் ஒன்றல்ல. நண்பரை வாசிக்கவிட்டு நீங்கள் சில அடி தள்ளி நின்று கேளுங்கள். பிறகு பெட்டியைத் தூக்கிப் பாருங்கள், மண்டபத்தின் மாடிப்படி ஏறப்போவது நீங்கள்தான். சின்ன ஆம்பே போதும் என்று தேறினால், மிச்சமாகும் பணத்தில் ஒரு டியூனர் பெடல், இன்னொரு கேபிள், இரண்டு செட் கம்பி வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டின் நடுவே முதல் கம்பி அறுந்தால் எத்தனை வாட்ஸ் இருந்தும் உதவாது.